துண்டுக்குள் மறைந்த மாடு

மாட்டுச் சந்தையில் விலை பேசுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கைமேல் போடுவார். துண்டுக்கு அடியில் விரல்கள் விரல்களைப் பிடிக்கும். எத்தனை ஆயிரம் என்பது அந்த இரண்டு கைகளுக்கு மட்டும்தான் வெளிச்சம். சுற்றி நிற்கிற பத்துப் பேர் காதில் ஒன்றும் விழாது. ஆனால் மாடு எல்லோர் கண்முன்னும் நிற்கும். பல்லைப் பிடித்துப் பார்க்கலாம், சுழி பார்க்கலாம், நாலு அடி நடக்கவிட்டுப் பார்க்கலாம். சரக்கு திறந்திருக்கும், விலை மூடியிருக்கும். 1998-ல் அமெரிக்காவில் இணையத்தில் தொடங்கிய ஒரு வியாபாரம் இந்த ஏற்பாட்டை அப்படியே புரட்டிப் போட்டது. அங்கே விலையை வாங்குபவர் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். மாடுதான் துண்டுக்குள் இருக்கும். விமான டிக்கெட்டையும் விடுதி அறையையும் நாமே விலை சொல்லி வாங்கும் இந்த முறை, வாடிக்கையாளர் கையில் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டதாகக் கொண்டாடப்பட்டது. அதன் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் வேறு படம் தெரிகிறது. கிடைத்த தள்ளுபடி, கண்ணைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்ததற்கான கூலி. விலை சொல்லும் உரிமையோ, அந்தக் கூலியில் ஒரு பகுதியைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் வழி.

அந்த வியாபாரத்தின் பெயர் பிரைஸ்லைன். கனெக்டிகட் மாநிலத்தில் ஜே வாக்கர் என்ற தொழில்முனைவர் நிறுவியது. 1998 ஏப்ரலில் விமான டிக்கெட்டோடு கடை திறந்தது. பிறகு விடுதி அறைகளும் வாடகைக் கார்களும் சேர்ந்தன. ‘உங்கள் விலையை நீங்களே சொல்லுங்கள்’ என்பதுதான் கடைப் பலகை. ஸ்டார் டிரெக் தொடரில் கேப்டன் கிர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னர் விளம்பரங்களில் வந்தார். எங்கிருந்து எங்கே, எந்த நாள், எத்தனை பேர் என்று குறித்து, தர விரும்பும் தொகையை எழுதி, கிரெடிட் கார்டு எண்ணையும் முதலிலேயே கொடுத்துவிட வேண்டும். எந்த விமான நிறுவனம், எத்தனை மணிக்குப் புறப்பாடு, நடுவில் இறங்கி வேறு விமானம் ஏற வேண்டுமா என்று கேட்க முடியாது. உள்நாட்டுப் பயணமென்றால் காலை 6 மணிக்கும் இரவு 10 மணிக்கும் இடையே எது வேண்டுமானாலும் வாய்க்கலாம். ஏதாவது ஒரு நிறுவனம் அந்த விலைக்கு ஒத்து வந்தால் உடனே கார்டில் பணம் எடுக்கப்படும். எதை வாங்கினோம் என்பது அதற்குப் பிறகுதான் தெரியும். ரத்து கிடையாது, மாற்றம் கிடையாது. விடுதி விஷயத்தில் நகரின் பகுதியையும் நட்சத்திரத் தரத்தையும் தேர்ந்தெடுக்கலாம். விடுதியின் பெயர் மட்டும் பணம் கட்டிய பிறகே. இந்த முறைக்கு 1998 ஆகஸ்டில் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. 1999 மார்ச்சில் 16 டாலருக்கு வெளியான நிறுவனத்தின் பங்கு, வர்த்தகத்தின் முதல் நாளே 69 டாலரில் போய் நின்றது.

இப்படி ஒரு கடைக்கு இடம் எங்கிருந்து வந்தது? புறப்பட்டுவிட்ட விமானத்தின் காலி இருக்கையும், விடிந்துவிட்ட இரவின் காலி அறையும் அழுகிப்போன தக்காளிக்குச் சமம். நாளைக்கு எடுத்து வைத்து விற்க முடியாது. ஒரு இருக்கையில் கூடுதலாக ஒருவரை ஏற்றிச் செல்ல ஆகும் செலவு சொற்பம்; ஆகவே கிடைக்கிற எந்தத் தொகையும் லாபம்தான். அப்படியானால் கடைசி நேரத்தில் விலையைக் குறைத்து விற்றுவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். அலுவலக வேலையாகப் போகிறவர் 600 டாலர் கொடுக்கத் தயாராக இருப்பார். விடுமுறைக்குப் போகிறவர் 150 டாலருக்கு மேல் போனால் பயணத்தையே விட்டுவிடுவார். 150 டாலர் என்று வெளிப்படையாகப் பலகையில் எழுதினால் 600 டாலர்காரரும் அந்த வரிசையில் வந்து நிற்பார். 1978-ல் அமெரிக்க அரசு விமானக் கட்டணக் கட்டுப்பாட்டை விலக்கிக்கொண்ட பிறகு நிறுவனங்கள் இந்த இரண்டு கூட்டத்தையும் பிரிக்க வேலிகள் போடக் கற்றன. 1985-ல் பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற மலிவுக் கட்டண நிறுவனத்தை எதிர்கொள்ள அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கொண்டுவந்த தள்ளுபடிக் கட்டணம் இதற்குப் பேர்போன உதாரணம். முன்கூட்டியே வாங்க வேண்டும், டிக்கெட்டைத் திருப்ப முடியாது என்றெல்லாம் நிபந்தனை. அவசரமாகக் கிளம்பும் அலுவலகப் பயணியால் அந்த வேலியைத் தாண்ட முடியாது. எந்த விமானத்தில் எத்தனை இருக்கையை எந்த விலைக்கு ஒதுக்குவது என்று கணினியை வைத்துக் கணக்கிட்ட அமெரிக்கனுக்கு முன்னால் பீப்பிள் எக்ஸ்பிரஸ் இரண்டே ஆண்டுகளில் காணாமல் போனது.

பிரைஸ்லைன் போட்டது இந்த வேலிகளிலேயே உயரமான வேலி. எந்த நிறுவனம், எந்த நேரம் என்று தெரியாமல் பணம் கட்டு என்றால், காலை பத்து மணிக்குக் கூட்டத்தில் உட்கார வேண்டியவர் கட்டமாட்டார். பொழுது கையில் உள்ளவர்தான் கட்டுவார். நிறுவனத்துக்கு இன்னொரு லாபமும் உண்டு. நாலு நட்சத்திர விடுதி ஒன்று தன் பெயரைப் போட்டு 60 டாலருக்கு அறை விற்றால், நேற்று 180 டாலர் கொடுத்தவர் கோபப்படுவார், நாளை வருகிறவரும் 60-தான் கேட்பார். பெயரை மறைத்து விற்றால் மதிப்புக்கும் பங்கமில்லை, பெட்டியும் காலியில்லை. ஆக, தள்ளுபடி ஒன்றும் தர்மமல்ல. நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, பெயரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, மனம் மாறினால் ரத்து செய்யும் உரிமை ஆகிய மூன்றையும் வாடிக்கையாளர் நிறுவனத்திடம் விற்கிறார். நிறுவனம் அதற்கு ஒரு விலை கொடுக்கிறது. இதுவரைக்கும் நியாயமான வியாபாரம்தான். கேட்க வேண்டியது அடுத்த கேள்வி: இதற்கு வாடிக்கையாளர் ஏன் விலை சொல்ல வேண்டும்?

ஜவுளிக்கடையிலோ நடைபாதைக் கடையிலோ பேரம் பேசிய எவரும், ‘நீங்களே சொல்லுங்க, எவ்வளவு தருவீங்க?’ என்ற கேள்வியைக் கேட்டிருப்பார்கள். கடைக்காரர் மரியாதையாகத்தான் கேட்பார்; ஆனால் விவரம் தெரிந்தவர்கள் அதற்குப் பதில் சொல்வதில்லை, ‘முதல்ல நீங்க சொல்லுங்க’ என்பார்கள். முதலில் வாய் திறப்பவர் தன் மடியில் எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டிவிடுகிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். பிரைஸ்லைனில் நடந்தது இதுதான். விடுதிகள் தங்களுக்கு இவ்வளவு வந்தால் போதும் என்ற விலையை முன்பே கணினியில் ஏற்றி வைத்திருந்தன. வாடிக்கையாளர் சொல்லும் தொகை அதைத் தாண்டினால் வியாபாரம் முடிந்தது. ஒரு விடுதி 58 டாலர் ஏற்றியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் 70 என்று எழுதுகிறார். அவர் கார்டில் 70-ம், அதற்கு மேல் வரியும் சேவைக் கட்டணமும் போகும். விடுதிக்குப் போவது 58. நடுவிலுள்ள 12 டாலர் பிரைஸ்லைனுக்கு. அந்த நிறுவனத்தின் லாபக் கணக்கே வாடிக்கையாளர் சொன்ன தொகைக்கும் சப்ளையர் கேட்ட தொகைக்கும் உள்ள இடைவெளியில்தான் இருந்தது. மாட்டுத் தரகராவது பேசி முடித்ததற்கு இவ்வளவு என்று தரகு வாங்குவார். இங்கே வாங்குபவரின் அறியாமை எவ்வளவோ அவ்வளவு தரகு.

ஏலத்தில் உண்மையைச் சொல்வது பற்றிப் பொருளாதார அறிஞர் வில்லியம் விக்ரி 1961-ல் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது; 1996-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததில் அந்த ஆய்வுக்கும் பங்குண்டு. மூடிய உறையில் ஆளுக்கொரு விலை எழுதிக் கொடுக்க, அதிகம் எழுதியவருக்கே பொருளைக் கொடுத்து, ஆனால் இரண்டாவதாக வந்த விலையை மட்டும் வாங்கிக்கொண்டால் என்ன ஆகும் என்று அவர் கேட்டார். அப்போது யாரும் மனதிலுள்ள விலையைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. உண்மையைச் சொல்வதால் நட்டம் வராது. பிரைஸ்லைன் முறை இதற்கு நேர் எதிர். சொன்ன தொகையைச் சொன்னபடியே கொடுத்தாக வேண்டும். உண்மையைச் சொன்னால், அதாவது ‘எனக்கு இந்த அறை 100 டாலர் பெறும்’ என்றால், அந்த நூறும் போய்விடும். மிகக் குறைத்துச் சொன்னால் அறை கிடைக்காது. சரி, ஒரு டாலரில் தொடங்கி ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போகலாமே என்றால் அதற்கும் பூட்டு இருந்தது. ஒருமுறை மறுக்கப்பட்டால் அதே கோரிக்கையோடு உடனே திரும்ப வர முடியாது. சில நாட்கள் காத்திருக்க வேண்டும். விடுதிகளுக்கு இது பின்னாளில் ஒரு நாளாகக் குறைந்தது. நிறுவனம் எந்த இடத்தில் பயந்தது என்பதை இந்தப் பூட்டே காட்டிக்கொடுக்கிறது. வாடிக்கையாளர் அடிவிலையைத் தடவிக் கண்டுபிடித்துவிட்டால் நடுவிலுள்ள 12 டாலர் கரைந்துவிடும்.

பூட்டு என்று ஒன்று இருந்தால் சாவி தேடுகிறவர்களும் இருப்பார்கள். தேதி, பகுதி, நட்சத்திரம் இவற்றில் ஒன்றை மாற்றினால் காத்திருக்காமல் மறுபடி விலை கேட்கலாம் என்று விதி இருந்தது. நகரம் ஏழெட்டுப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். எல்லாப் பகுதியிலும் நாலு நட்சத்திர விடுதி இருக்காது. நமக்கு வேண்டியது நடுநகரில் நாலு நட்சத்திரம். முதலில் நடுநகரை மட்டும் குறித்து 50 டாலர் கேட்க வேண்டும். மறுத்தால், நாலு நட்சத்திர விடுதியே இல்லாத விமான நிலையப் பகுதியையும் சேர்த்துக்கொண்டு 55 கேட்கலாம். பகுதி கூடியதால் கணினி இதைப் புதுக் கோரிக்கையாக எடுத்துக்கொள்ளும். அங்கே நாலு நட்சத்திரமே இல்லாததால் தப்பித் தவறிக்கூட அங்கே போய் விழமாட்டோம். இப்படி விடுதியில்லாத பகுதிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து நாலைந்து முறை படியேறலாம். எந்தப் பகுதியில் எந்தத் தரம் உண்டு, அண்மையில் எந்த விலைக்குச் சம்மதம் கிடைத்தது என்பதை வாடிக்கையாளர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளவும் செய்தார்கள். கெட்டிக்காரர்களுக்கு இது வழிவிட்டதே, பின் குறை என்ன என்று ஒருவர் கேட்கலாம். அந்தக் கெட்டிக்காரத்தனம் எதில் இருந்தது என்று பாருங்கள். விலை சொல்வதில் இல்லை; மறைத்து வைத்த தகவலைச் சேகரித்ததில் இருந்தது. துண்டை விலக்கிப் பார்த்தவர்கள் லாபமடைந்தார்கள். அதற்கும் பொழுது செலவாகும். இல்-ஹார்ன் ஹான், கிறிஸ்டியன் டெர்வீஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2003-ல் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் எடை போட்டது: ஒவ்வொரு முறை விலை கேட்பதற்கும் வாடிக்கையாளருக்கு ஒரு மறைமுகச் செலவு இருக்கிறது, அதைப் பணமாக மதிப்பிடலாம் என்று காட்டியது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மக்கள் உண்மையிலேயே பணம் மிச்சம் பிடித்தார்களே? பிடித்தார்கள், சந்தேகமில்லை. பலகை விலையில் பாதிக்கு அறை கிடைத்தவர்கள் ஏராளம். விடுமுறைக்குப் போகிற, எந்த நேரமும் சம்மதம் என்கிற குடும்பத்துக்கு அந்த மூன்று உரிமைகளும் பெரிதாக ஒன்றும் பெறாது. விற்றுவிட்டுப் பணத்தை வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம். நடுவிலுள்ள 12 டாலர் போனாலும் பலகை விலையோடு ஒப்பிட்டால் லாபம்தானே என்பதும் சரி. இந்தக் கட்டுரையின் வாதம் வாடிக்கையாளர் ஏமாற்றப்பட்டார் என்பதல்ல. மிச்சமான தொகை எங்கிருந்து வந்தது என்பதுதான் விஷயம். அது கண்ணைக் கட்டிக்கொண்டதால் வந்தது. விலையை நாம் சொன்னதால் வரவில்லை. இதற்குச் சான்று பக்கத்துக் கடையிலேயே இருந்தது. 2000-ல் சில விமான நிறுவனங்களே முதலீடு செய்து ஹாட்வயர் என்ற தளத்தைத் தொடங்கின. அங்கும் நிறுவனத்தின் பெயர் பணம் கட்டிய பிறகே தெரியும். ஆனால் விலையைக் கடைக்காரரே எழுதி வைத்திருப்பார். பிடித்தால் எடுக்கலாம், இல்லையேல் நகரலாம். விலை சொல்லாமலேயே வாடிக்கையாளர்களுக்கு அங்கும் பெரிய தள்ளுபடி கிடைத்தது.

இன்னும் பலமான சான்று பிரைஸ்லைனோடு தொடர்புடைய வெப்ஹவுஸ் கிளப்பின் கதை. விலை சொல்லும் முறைதான் மந்திரம் என்று நம்பி, 1999 கடைசியில் மளிகைச் சாமான்களுக்கும், பிறகு பெட்ரோலுக்கும் அதைக் கொண்டுபோனார்கள். வாடிக்கையாளர் சோப்புக்கும் டப்பா உணவுக்கும் இணையத்தில் விலை சொல்லிவிட்டுக் கடையில் போய் எடுத்துக்கொள்ளலாம். ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. 2000 அக்டோபரில் மூடிவிட்டார்கள். காரணம் எளிது. சோப்பு அழுகாது. இன்று விற்காவிட்டால் நாளை விற்கும். உற்பத்தியாளருக்கு ரகசியத் தள்ளுபடி தர எந்த அவசியமும் இல்லை. ஆகவே வாடிக்கையாளர் சொன்ன குறைந்த விலைக்கும் கடை விலைக்கும் உள்ள பள்ளத்தை நிறுவனம் தன் கைப்பணத்தைப் போட்டு நிரப்ப வேண்டியிருந்தது. அழியும் சரக்கும் மறைக்க வேண்டிய பெயரும் இல்லாத இடத்தில், விலை சொல்லும் உரிமை மட்டும் தனியாக ஒரு காசுகூட மிச்சம் பிடித்துத் தரவில்லை. அந்த ஆண்டு முடிவில் பிரைஸ்லைன் பங்கின் விலை 2 டாலருக்கும் கீழே கிடந்தது.

நிறுவனம் பிழைத்தது, பிழைத்த விதமும் இந்த வாதத்துக்கே பொருந்துகிறது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு பயணிகள் குறைய, விமான நிறுவனங்கள் வெளிப்படைக் கட்டணத்தையே இறக்கின. அதே ஆண்டுகளில் ஆர்பிட்ஸ் போன்ற ஒப்பீட்டுத் தளங்களும் வந்தன. பலகையிலேயே மலிவான விலை தெரியும்போது கண்ணைக் கட்டிக்கொள்ள யார் வருவார்? பிரைஸ்லைன் விடுதிகளின் பக்கம் சாய்ந்தது. 2005-ல் நெதர்லாந்தின் புக்கிங்ஸ் நிறுவனத்தை வாங்கியது. அதுதான் இன்றைய புக்கிங்.காம்; பெயர், படம், விலை, ரத்து விதி எல்லாம் திறந்து வைத்துக் கழிவு வாங்கும் சாதாரணக் கடை. அந்தத் திறந்த கடைதான் குழுமத்தைத் தூக்கி நிறுத்தியது. 2018-ல் தாய் நிறுவனமே புக்கிங் ஹோல்டிங்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. இடையில் 2012-ல் ‘எக்ஸ்பிரஸ் டீல்ஸ்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள்: பெயர் மறைந்திருக்கும், விலை எழுதியிருக்கும். 2016-ல் விமான டிக்கெட்டுக்கு விலை சொல்லும் முறையை நிறுத்தினார்கள். மற்றவற்றிலும் படிப்படியாக அது மறைந்தது. கண்டுபிடித்தவர்களே மறைப்பை வைத்துக்கொண்டு விலை சொல்வதைக் கைவிட்டார்கள் என்றால், எது உயிர், எது அலங்காரம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்றைய வெளிப்படை விலை மட்டும் யோக்கியமா, காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று மாறுகிறதே, அந்தக் கணக்கு யாருக்குப் புரிகிறது என்றொரு கேள்வி எழும். நியாயமான கேள்வி. எழுதி வைத்த விலைக்குப் பின்னாலும் நமக்குத் தெரியாத கணக்கு இருக்கிறது. ஆனாலும் ஒரு வித்தியாசம். எழுதிய விலையை இன்னொரு கடையின் விலையோடு ஒப்பிடலாம், மறுநாள் வரை பொறுத்துப் பார்க்கலாம், வேண்டாமென்று விலகலாம். நம் மனதிலுள்ள தொகை கடைசிவரை நம்மிடமே இருக்கும். விலை சொல்லும் முறையில் அதைத்தான் முதலில் கொடுத்துவிடுகிறோம். இந்த வித்தியாசம் பழங்கதையாகிவிடவில்லை. ஏலம் வேறு வேடத்தில் திரும்பி வந்திருக்கிறது. சாதாரண வகுப்பில் டிக்கெட் எடுத்தவருக்கு, பிசினஸ் வகுப்புக்கு மாற விலை கேளுங்கள் என்று விமான நிறுவனங்கள் மின்னஞ்சல் அனுப்புகின்றன. சென்னையிலிருந்து கிழக்கே பறப்பவர்கள் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், மலேசியா ஏர்லைன்ஸ் இரண்டிலும் இதைப் பார்த்திருப்பார்கள். திரையில் ஒரு கோடு. அதில் நகர்த்தும் புள்ளி. குறைந்தபட்சத் தொகையை நிறுவனமே வைத்திருக்கும். தொகையை ஏற்ற ஏற்ற, வாய்ப்பைக் காட்டும் முள் ‘பலவீனம்’ என்பதிலிருந்து ‘பலம்’ என்பதற்கு நகரும் தளங்கள் உண்டு. எத்தனை இருக்கை காலி, எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள், எவ்வளவு கேட்டிருக்கிறார்கள் என்பது திரையில் இல்லை. முள் எங்கே நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பவரும் இருக்கையை விற்பவரும் ஒரே தரப்பு.

ஆகவே இத்தகைய பேரத்தில் இறங்குகிறவர் தொகையை யோசிப்பதற்கு முன்னால் துண்டை விலக்கும் வேலையைச் செய்ய வேண்டும். அதே நாளுக்கு, அதே பகுதியில், ரத்து செய்யக்கூடிய அறை வரியோடு சேர்த்து என்ன விலை என்று முதலில் பார்த்து எழுதிக்கொள்ளலாம். பிறகு, நேரம் தெரியாமல் போவதும் ரத்து இல்லாமல் போவதும் தனக்கு எவ்வளவு பெறும் என்று மனதார ஒரு தொகை போடலாம். திருமணத்துக்குப் போகிறவருக்கும் சும்மா ஊர் சுற்றப் போகிறவருக்கும் அந்தத் தொகை ஒன்றாக இருக்காது. கைக்குழந்தையோடும் வயதான பெற்றோரோடும் பயணம் செய்பவருக்கு நள்ளிரவில் விமானம் மாறுவதன் விலை மிக அதிகம். வெளிப்படை விலையிலிருந்து அந்தத் தொகையைக் கழித்தால் வருவது உச்ச வரம்பு. கேட்க வேண்டியது அதற்கும் கீழே. வகுப்பு மாறும் ஏலத்தில், அந்த வகுப்பை நேரடியாகக் கூடுதல் பணம் கட்டி வாங்க எவ்வளவு என்பதைப் பார்க்காமல் புள்ளியை நகர்த்தக் கூடாது. கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்கிற நிலையில் மட்டும் கேட்பது நல்லது, ஏனென்றால் எப்படியாவது வேண்டும் என்று நினைக்கிறவர்தான் முள்ளை ‘பலம்’ வரைக்கும் தள்ளுகிறவர். மாட்டுச் சந்தைக்கு வருகிற விவசாயி துண்டுக்குள் கை விடுவதற்கு முன்னால் சந்தையை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். அந்தச் சுற்றில்தான் அவருடைய விலை முடிவாகிறது. துண்டுக்குள் அதைச் சொல்வது மட்டும்தான் மிச்சம்.